பனியைத் தொட்டு

சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டியில் முதலில் இறங்கியவள் இசக்கியம்மாள். கபடி ஆடி வளர்ந்த உடம்பு. புறப்படும் கோட்டருகே வந்ததும் அது தானாகக் குனிந்து, பனிக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, பனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அவள் கவனித்தாளா என்றால் இல்லை. விழுந்து எழுந்து அடிவாரம் சேர்ந்தவள் பெரிய திரையை நிமிர்ந்து பார்த்தாள். மேலே நார்வேக்காரி குனிந்து பனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அடுத்து ஜப்பான்காரியும். கனடாக்காரியோ கையுறையைக் கழற்றிவிட்டே தொட்டாள்.

"எல்லாரும் எதுக்கு சார் தொட்டுக் கும்பிடுதாவ?"

பயிற்சியாளர் தேவசகாயத்துக்கு முகம் வெளுத்தது. "புது ரூல்ஸ் போல இருக்கு. நம்மகிட்ட யாரும் சொல்லலியே. கும்பிடலேன்னா ஆட்டத்த விட்டே தூக்கிருவாங்க. நீ கும்பிட்டியா?"

"இல்லையே சார்," என்றாள் அவள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இமையில் உருகி வழிந்த பனியைத் துடைத்துக்கொண்டே.