வெள்ளிக்கிழமை ஒரு மணி

நோட்டீஸைப் படித்ததும் சுலைமானுக்குக் கோபம் தலைக்கேறியது.

ஊரின் அடுத்த இருபது வருடத்துக்கு மாஸ்டர் பிளான் போடுகிறார்கள். தெருக்கோடியில் பாழாய்க் கிடக்கும் தண்ணீர் டேங்க் இடத்தில் என்ன கட்டலாம் என்று தெருவாசிகளிடம் கருத்துக் கேட்கிறார்களாம். நல்ல விஷயம்தான். ஆனால் எப்போது? வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணிக்கு.

"ஜும்மா தொழுகை நேரத்துல கூட்டம் வச்சா எவன் போவான்? நம்மள வர விடாமப் பண்ணத்தான இந்த வேலை?" என்று பாத்திரக்கடை முகமது ஆசிப்பிடம் பொரிந்து தள்ளினார்.

"தெரியாம வச்சிருப்பாங்க மச்சான்."

"மதுரையில இருக்குற எவனுக்கு மாப்ள இது தெரியாது?"

ஆசிப் நோட்டீஸை வாங்கி இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்.

சுலைமான் பை, பெட்டி மொத்த வியாபாரி. தெரு வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர். டேங்க் இடத்தில் வண்டி நிறுத்துமிடம் வந்தே தீர வேண்டும் என்பது அவருடைய பல வருடக் கனவு. நிறுத்த இடமில்லாமல் வாடிக்கையாளர்கள் எல்லாம் பைபாஸ் ரோட்டுக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முந்தைய கூட்டங்களில் இதை அடித்துப் பேசியவர் அவர்தான். மைக் அவர் கைக்கு வந்துவிட்டால் லேசில் திரும்பாது.

இப்போது ஏதோ பெரிய கை நுழைந்து அந்த இடத்தை அமுக்கப் பார்க்கிறது என்று அவருக்கு உறுதியாகப் பட்டது. விடுவாரா மனிதர்? தெருவிலிருந்து ஒரு ஈ காக்காகூடக் கூட்டத்துக்குப் போகக்கூடாது என்று கடை கடையாய்ச் சொல்லிவைத்தார். தொழுகை முடிந்ததும் எல்லோரும் கருப்பு பேட்ஜோடு நேரே கூட்டம் நடக்கும் ஷாதி மகாலுக்குப் போவது, இந்தக் கூட்டம் செல்லாது என்று அதிகாரி வாயாலேயே சொல்ல வைப்பது, அதுவரை இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை காலை அவர் சட்டையில் பேட்ஜைக் குத்திவிட்டவள் மனைவி சபியா.

"தொழுகை முடிஞ்சு அங்க போக எம்புட்டு நேரமாகும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு தாண்டிரும். ஏன்?"

"சோறு ஆறிப்போகுமேன்னு கேட்டேன்."

இரண்டு மணி தாண்டித்தான் போய்ச் சேர்ந்தார்கள். மகால் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் சுலைமானுக்குத் திக்கென்றது. அத்தனையும் பெண்கள் செருப்பு.

உள்ளே நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை. தெருவின் வீட்டுப் பெண்கள், கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள், எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். சுலைமான் கடையில் பில் போடும் முபீனா எழுந்து நின்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கடைத்தெருவுல இம்புட்டுப் பொம்பளைங்க வேலை பாக்குறோம், ஒரு கக்கூஸ் கிடையாது. காலையில வந்தா வீட்டுக்குப் போற வரைக்கும் நாங்க தண்ணி குடிக்கிறதில்ல. நீர்க்கடுப்பு வந்து படுத்துக் கிடந்தேன். முதலாளிகிட்ட காய்ச்சல்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்றது? டேங்க் இடத்துல எங்களுக்குக் கக்கூஸ் வேணும். பிள்ளைக்குப் பால் குடுக்க ஒரு ரூம் வேணும். வண்டி அதுக்கப்புறம் நிக்கட்டும்."

கைதட்டல் அடங்க நேரமானது. 'உனக்கு மட்டும் எப்படி மாசாமாசம் காய்ச்சல் வருது?' என்று அவளைக் கடைக்குள்ளேயே கடிந்துகொண்டது சுலைமானுக்கு நினைவு வந்தது. உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் பின்னால் நிற்பவர்களை நினைத்து விறைப்பை விடவில்லை. விறுவிறுவென்று மேடைக்குப் போனார்.

"மேடம், நாங்க தொழுகையில இருப்போம்னு தெரிஞ்சே இந்த நேரத்துல வச்சிருக்கீங்க. இது அநியாயம் இல்லையா?"

"தெரிஞ்சுதான் சார் வச்சோம்," என்றார் திட்ட அதிகாரி தமிழ்வாணி. அவர் மழுப்பவில்லை. வண்டி நிறுத்துமிடக் கோரிக்கை ஏற்கெனவே பதிவாகிவிட்டது, அதில் ஒரு எழுத்துக் குறையவில்லை, இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் திட்டம் போடப்போகிறோம் என்று விளக்கினார். பிறகு லேசாகச் சிரித்தபடி, "போன கூட்டத்துல, பெண்கள் என்ன சொல்றீங்கன்னு கேட்டேன். பின்வரிசையில அத்தனை பேர் இருக்கும்போது, 'அவங்களுக்கும் பார்க்கிங்தான் மேடம்'னு நீங்களே எழுந்து பதில் சொல்லிட்டீங்க," என்றார்.

நாற்காலிகளிலிருந்து சிரிப்பு கிளம்பியது. வாசலில் நின்றவர்களில்கூட ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். சுலைமானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சரி, இந்த நேரத்துல வைங்கன்னு எவன் கேட்டான்? எங்க தெரு ஆளு ஒருத்தர் பேரைச் சொல்லுங்க, இப்படியே திரும்பிப் போயிர்றோம்."

"பேரைச் சொல்றதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

"பாத்தியா மாப்ள, நான் சொன்னேன்ல? வெளியாளு சதிதான் இது," என்று சுலைமான் வெற்றியோடு ஆசிப்பின் பக்கம் திரும்பினார்.

முன்வரிசையில் சபியா எழுந்தாள். முபீனாவிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு நேரே கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தாங்க கேட்டேன். இந்தத் தெருவுல எங்க பேச்சுக்குக் குறுக்க யாரும் பேசாத நேரம், வாரத்துல அது ஒண்ணுதான் இருக்கு."