கெங்குக்கும் ஒரு பிடி

“உங்க புருஷனை அடிச்சுக் கொன்னவனுக்கு எதுக்குப் பெரியம்மா சோறு?”

சினாத் கேட்டதும் புத்த விகாரை மண்டபத்தில் பேச்சு நின்றது.

ப்சும் பென் விழாவின் கடைசி நாள். செத்தவர்கள் பசியோடு விகாரை விகாரையாகத் தங்கள் ஆட்களைத் தேடி வரும் நாள். அவரவர் வீட்டு இறந்தவர் பெயரைச் சொல்லிச் சோறு படைத்துக்கொண்டிருந்தார்கள். யோர்னின் முன்னால் இரண்டு தட்டுகள். ஒன்று அவள் புருஷனுக்கு. மற்றது கெங்குக்கு.

கறுப்புச் சட்டைப் படைக்காரர்கள் நாட்டையே வேலை முகாமாக்கி ஆண்ட காலத்தில் கெங்தான் இங்கே முகாம் தலைவன். அவனால் ஓர் ஆளையாவது இழக்காத வீடு ஊரில் இல்லை.

“பசிச்சு வந்து நிப்பான். அதான்” என்றாள் யோர்ன்.

“நிக்கட்டுமே. நம்மள வெறும் கஞ்சித் தண்ணியில வாட்டினவன்தானே” என்றாள் பக்கத்து வீட்டு லாய். “மீன் வேற பொரிச்சு வெச்சிருக்கா பாரு. அவன் என்ன உனக்கு ரெண்டாம் புருஷனா?”

யாரோ சிரித்தார்கள்.

சினாத் சிரிக்கவில்லை. வேறு மாகாணத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆனாலும் இந்த விஷயத்தில் வருஷா வருஷம் அவள் குரல்தான் உரக்கக் கேட்கும்.

“இந்தத் தடவை அவன் பேரைச் சொன்னீங்கன்னா, இனிமே உங்க புருஷனுக்கும் இங்க படைக்க விடமாட்டோம்.”

விகாரைப் பெரியவரும் தலையசைத்தார்.

யோர்ன் புருஷனின் தட்டையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஊதுவத்தியைப் பற்றவைத்து, “கெங், சாப்பிடு” என்றாள்.

சினாத் கெங்கின் தட்டைப் பிடுங்கி முற்றத்து நாய்களுக்குக் கொட்டினாள். யோர்னின் கையைப் பிடித்து வெளிவாசல் வரை இழுத்து வந்தாள். அங்கே வேறு யாரும் இல்லை.

“அவ்வளவு பசின்னா அவன் பெத்தது வந்து போடட்டும். ஊரே காறித் துப்புது, உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“அது போடும்னுதான் வருஷா வருஷம் பார்க்கிறேன்.” யோர்ன் குரலைத் தாழ்த்தினாள். “யார்கிட்டயும் சொல்லலை. உங்கம்மா உன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஊரை விட்டு ஓடினப்ப, ஆத்துல படகு தள்ளினவ நான். நீ மருமகளா வந்த அன்னிக்கே உங்கப்பன் ஜாடை தெரிஞ்சுபோச்சு, சினாத்.”

சினாத்தின் பிடி தளர்ந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் அவள் படியிறங்கிப் போனாள்.