நான்காவது சாட்டிலைட்

முப்பத்தொரு மணி நேரம் ஆகிவிட்டது. அரிய செடி ஒன்றைத் தேடி மலைக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

அவனுடைய ஜி.பி.எஸ். கருவியை உயர்த்திப் பிடித்தபடி அவன் மனைவி மொட்டை மாடியில் மூலைக்கு மூலை நடந்தாள். போன மாதம் அவன் அந்தச் செடியைப் பார்த்த இடம் அதில் பதிவாகியிருந்தது. கீழே மீட்புக் குழுவின் ஜீப் காத்திருந்தது.

"இன்னும் என்னம்மா?" என்றார் மாமியார்.

"மூணு சாட்டிலைட்தான் கிடைச்சிருக்கு அத்தை. நாலாவது வந்தாதான் சரியா வழி காட்டும்."

"இதைப் போய் விட்டுட்டுப் போயிருக்கான் பாரு. பரீட்சைக்கே பேனா இல்லாம போனவன்தானே."

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்காவதும் வந்தது. அம்புக்குறி மலைப் பக்கம் திரும்பியது.

மேலே ஏறி வந்த குழுத் தலைவர் கருவியை வாங்கிக்கொண்டார். "இது கையில இருந்திருந்தா வழி தவறியிருக்க மாட்டார்."

"என்ன பண்றதுங்க, அவன் மறதி அப்படி."

"அவர் மறக்கலை அத்தை. கிளம்பறப்போ அரை மணி நேரம் தேடினார். மழையில போக வேணாம்னு சொன்னேன், கேக்கலை. இது இல்லைன்னா போக மாட்டார்னு நான்தான் ஒளிச்சு வெச்சேன்."