சரிபார்த்தவள்

மகளின் கல்யாணம் முடிந்த மறுநாள், இனிப்புப் பெட்டியோடு ஆய்வகத்துக்கு வந்தார் இயக்குநர். முடிவுகளைச் சரிபார்க்கும் பெண் எழுந்து நின்றாள்.

“சார், இதய நோய் மரபணு முடிவுகள்ல ஒரு தப்பு.”

“நல்ல நாளும் அதுவுமா என்னம்மா தப்பு?”

“ஒவ்வொரு மரபணு இடத்துக்கும் ரெண்டு எழுத்து சார். பழைய சாஃப்ட்வேர் அதுல நோயைக் கூட்டுற எழுத்தை ரெண்டாவதா எழுதும். புதுசு அதை முதல்ல எதிர்பார்க்கும். சாஃப்ட்வேரை மாத்தினவங்க பழைய பட்டியலை அப்படியே ஏத்திட்டாங்க. எல்லாமே தலைகீழ். ஆபத்து இருக்கிறவங்களுக்கு இல்லைன்னும், இல்லாதவங்களுக்கு இருக்குன்னும் வந்திருக்கு.”

பெட்டி அவர் கையிலிருந்து நழுவியது.

மகளைக் கேட்டு வந்த இரண்டு பேரின் எச்சிலையும் சோதனைக்கு வாங்கி, இந்த முடிவுகளை வைத்துத்தான் மாப்பிள்ளையைப் பொறுக்கியிருந்தார். அந்த இருவரில் மகள் ஆசைப்பட்டவனை, “நாப்பதுல போய்ச் சேர்ந்துடுவே, உனக்கெல்லாம் கல்யாணம் ஒரு கேடா?” என்று நாலு பேர் முன்னால் விரட்டியதும் இதை வைத்துத்தான்.

“ஐயோ, பெத்த பொண்ணைப் பாழுங்கிணத்துல தள்ளிட்டேனே! இதை இப்பத்தான் பார்த்தியா?”

“இல்ல சார். கல்யாணத்துக்கு முந்தின வாரமே பார்த்துட்டேன்.”

“பாவி, அப்பவே ஏன் சொல்லல?”

அவள் குனிந்து, சிதறிக் கிடந்த இனிப்பில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். நீங்க விரட்டினது என் தம்பியை. அவன் நாப்பது வரைக்கும் காத்திருக்கல சார். அன்னைக்கு ராத்திரியே போய்ச் சேர்ந்துட்டான்.”