படியாத பேரம்

அந்தப் பழைய பியானோவின் விலை நாற்பதாயிரம். ஓய்வு பெற்ற நர்ஸம்மாவிடம் மட்டும் கடைக்காரர் அறுபது சொல்லுவார்.

"வாசிச்சுப் பார்க்காம வாங்கலாமா?" என்று செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம் இசைமேதை ஷோபினை வாசிப்பார் அந்தம்மா. "முப்பத்தொன்பது வயசுலயே போயிட்டார், பாவம். பெரிய சபையைவிட, சின்ன அறையில நாலு பேருக்கு வாசிக்கத்தான் அவருக்குப் பிடிக்கும்" என்பார். எழும்போது, "முப்பதுன்னா எடுத்துக்கறேன்."

"கட்டுபடியாகாதும்மா."

ஒருநாள் மைத்துனன் பொருமினான். "மச்சான், ஆசைப்படுறவங்களை ஏன் அலைய விடறீங்க? நாற்பதுன்னு நானே சொல்லிடறேன்."

"வித்துட்டா அடுத்த செவ்வாய் நான் எதைக் கேக்கறது?"

பியானோவுக்கு ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். "விலையைக் குறைச்சு அவங்களை மாட்டி விடாதீங்க. இதைவிட நல்ல பியானோ அவங்க வீட்டுல இருக்கு. நான்தான் ஸ்ருதி சேர்க்கறேன். பிள்ளைங்க வெளியூர் போயாச்சு, கேக்கத்தான் ஆளில்லை."

அடுத்த செவ்வாய் கடைக்காரர் பியானோ பக்கத்தில் தனக்கொரு நாற்காலி போட்டுக்கொண்டார். வாசித்து முடித்ததும், "விலை எழுபதாயிடுச்சும்மா" என்றார்.

நர்ஸம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "இருபத்தஞ்சுன்னா சொல்லுங்க."

இடைவெளி நாற்பத்தைந்தாயிரம். இருவருக்கும் லாபம்.