கிடா தலையாட்டினால்

மூன்றாவது செம்புத் தண்ணீரையும் ஊற்றியாகிவிட்டது. கிடா தலையை ஆட்டவில்லை.

ஆட்டினால் கருப்பசாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். என் வீட்டுக்காரருக்குக் கருமாதி செய்துவிடலாம். என் தாலியையும் கழற்றிவிடலாம்.

அவர் இருந்த ரங்கூனில் குண்டு விழுந்து ஐந்து வருஷம் ஆகிறது. நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களில் அவர் இல்லை. சண்டை முடிந்து கப்பலில் வந்தவர்களிலும் இல்லை. கடுதாசியும் இல்லை.

நேற்று மாமனார் எல்லோரையும் உட்கார வைத்து, கருமாதி செய்துவிடலாமா என்று கேட்டார். விக்கிரமங்கலத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சரி சரி என்று தலையை மேலும் கீழும் ஆட்டினார்கள். என்னையும் ஒரு பேச்சுக்குக் கேட்டார். நான் வேண்டாம் என்று ஆட்டினேன். ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

என்ன நியாயமோ! நான் தலையாட்டினால் அது பொம்பளை அழுகை. கிடா ஆட்டினால் சாமி வாக்கு.

"இன்னொரு செம்பு ஊத்துப்பா, தர்மா," என்றார் மாமனார்.

பூசாரி ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் கொம்பிலிருந்து முதுகு வரை வழிந்தது. கிடா என்னைப் பார்த்துக்கொண்டு அசை போட்டது. குட்டியிலிருந்து அதை வளர்த்தவள் நான். காலையில் கிணற்றடியில் குளிப்பாட்டி, மாலை போட்டு, கோயிலுக்கு ஓட்டிவந்ததும் நான்தான்.

வெயில் உச்சிக்கு வந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் புளியமரத்து நிழலுக்கு ஒதுங்கினார்கள். வெட்ட வந்தவர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் குந்திக்கொண்டார்.

மாமனார் மட்டும் வெயிலிலேயே நின்றார். பாவம், பெற்றவர் அல்லவா. ஒரே மூச்சாக அழுது முடித்துவிட்டுப் படுக்க வேண்டும் என்று நினைக்கிறார்.

எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து எழுந்து பார்த்து உடம்பு ஓய்ந்துவிட்டது. சில நாள், இன்றைக்காவது யாராவது ஒரு முடிவைச் சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்றுகூட இருக்கும்.

ஆறாவது செம்போடு பூசாரி கையைத் துடைத்துக்கொண்டார்.

"உத்தரவு இல்லீங்க. உங்க மகன் உத்திராபதி எங்கயோ உசுரோட இருக்கான். கெடாவ ஓட்டிக்கிட்டுப் போங்க."

மாமனார் கும்பிட்டார். பிறகு துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அது சந்தோஷமா சலிப்பா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

கிடாவை வீட்டுக்கு ஓட்டிவந்து கொட்டகையில் கட்டினேன். படலைச் சாத்தினேன்.

அதன் வலது காதுக்குள் விரலை விட்டேன். தண்ணீர் உள்ளே போகாதபடி காலையில் விளக்கெண்ணெயில் நனைத்துத் திணித்திருந்த பருத்திப் பஞ்சை உருவினேன். அடுத்து இடது காது.

கிடா தலையை ஆட்டப் பார்த்தது.

அடைப்பை எடுத்த காதில் எண்ணெய் ஓடினால் எந்த ஆடும் ஆட்டும். அது எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் இரண்டு கையாலும் அதன் தலையைப் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன்.

"வேணாம்டா."

அப்படியே நிற்கிறேன். கை கடுக்கிறது. விட்டால் ஆட்டிவிடும்.