பாட்டு கேட்கிற மருமகள்

"அண்ணி! அண்ணீ... அம்மா முனகறது கேக்கலையா?"

அண்ணி திரும்பவில்லை. மடியில் வாக்மேன், காதில் ஹெட்போன். கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

ஊரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். மகளைப் பார்த்ததும் முனகலை நிறுத்திக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலையா?"

சாயங்காலம் அண்ணன் வேலை முடிந்து வந்ததும் அவனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னண்ணே நடக்குது இந்த வீட்ல? அம்மா வலியில துடிக்கிறாங்க. இவங்க ஜம்முனு உக்காந்து பாட்டு கேக்கறாங்க. அதுவும் கதவைத் திறந்து வச்சிக்கிட்டு, அம்மா கட்டிலுக்கு நேர் எதிர்ல!"

"விடும்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல நாள் பூரா 'ஹலோ, ஹலோ'ன்னு கத்திட்டு வர்றா."

"அங்கயும் காதுல மாட்டிக்கறது, வீட்டுக்கு வந்தும் மாட்டிக்கறதா? யார் வாங்கிக் குடுத்தது இதை?"

"நான்தான். அம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரம் கேட்டா. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ வாய் திறந்து கேட்டது இது ஒண்ணுதான்."

"கேட்டாங்களே, நல்ல நேரம் பார்த்து!"

அண்ணனுக்கும் அசதி. முகத்தைக் கழுவிக்கொண்டு மருந்துக் கடைக்குக் கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு நாத்தனார் வாயைத் திறக்காமல் கவனித்தாள். அண்ணி வேலையிலிருந்து வருவாள். மாமியாருக்குத் துணி மாற்றுவாள், பெட்பேன் எடுத்துக் கழுவுவாள், சாப்பாடு ஊட்டி மாத்திரை கொடுப்பாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் முடிந்த கையோடு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் அம்மா முனக ஆரம்பிப்பாள். அண்ணி அசையவே மாட்டாள்.

கல் மனசு என்று நினைத்துக்கொண்டாள் நாத்தனார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி குளிக்கப் போனபோது வாக்மேன் நாற்காலியிலேயே கிடந்தது.

'அப்படி என்ன தேவகானம், பார்த்துடுவோம்!'

எடுத்து மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். சத்தமே இல்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். ம்ஹூம். மூடியைத் திறந்தாள். உள்ளே கேசட் இல்லை. பின்பக்கம் திருப்பினாள். பேட்டரியும் இல்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அண்ணி, அவள் கையில் வாக்மேனைப் பார்த்ததும் அவசரமாகப் போய் மாமியாரின் அறைக் கதவைச் சாத்தினாள்.

"இதுல பேட்டரியே இல்லையே அண்ணி!"

"மெதுவாப் பேசு. நான் போட்டதே இல்ல."

"அப்ப அம்மா முனகறது உங்களுக்கு..."

"ஒண்ணு விடாம கேக்கும்."

அண்ணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஹெட்போன் அழுத்தி அழுத்தி இரண்டு காது மடலும் சிவந்து கன்றிப் போயிருந்தன.

"கேட்டுக்கிட்டா சும்மா உக்காந்திருக்கீங்க?"

"என்ன பண்றது? குடுக்கிற மாத்திரைக்கு மேல குடுக்கக் கூடாது, இந்த வலி கொஞ்ச நாள் இருக்கத்தான் செய்யும்னுட்டார் டாக்டர். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த புதுசுல அத்தை தலையணையைக் கடிச்சிக்கிட்டுக் கிடந்தாங்க. உதடெல்லாம் புண்ணு. நான் பக்கத்துல போனா, 'உனக்கே ஆயிரம் வேலை, நீ போய்ப் படும்மா'ன்னு சிரிப்பாங்க."

ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு, எழுந்து அறைக் கதவைத் திறக்கப் போன அண்ணி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எனக்குக் கேக்கலைன்னு நினைச்சாத்தான், பாவம், வாய்விட்டு அழறாங்க."